காலேஜ் சைட்லயே என் சாதி, அக்கவுண்ட் நம்பர் எல்லாம் பிடிஎஃப்பா கெடக்கு, எப்படி எடுக்க வைக்கிறது?

கடைசிபெஞ்ச்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎஸ்சி தேர்ட் இயர், ஒரு எய்டட் காலேஜ், பேர் வேணாம். போன வாரம் ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி நம்ம பேரை கூகுள்ல போட்டா என்ன வருதுன்னு சும்மா அடிச்சு பாத்தேன். லிங்க்டின் வரும்னு பாத்தா முதல்ல வந்து நிக்கிறது எங்க காலேஜ் சைட்ல இருக்கிற ஒரு பிடிஎஃப். ஃபைல் பேரு ஸ்காலர்ஷிப் லிஸ்ட் ஃபைனல் 2. தெறந்தா 64 பக்கம். என் பேரு, அப்பா பேரு, கம்யூனிட்டி, அதுல உட்பிரிவு, அப்பாவோட வருஷ வருமானம், போன் நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி. ஆஃபீஸ் எக்ஸெல்ல என்னென்ன காலம் (நெடுவரிசை) இருந்துச்சோ ஒண்ணு கூட விடாம அப்படியே ஏத்திருக்காங்க.

இத்தோட போயிருந்தா கூட பரவால்ல. எங்க கிளாஸ் பையன் ஒருத்தனும் இதை எப்படியோ பாத்துட்டான் போல, எங்க டிபார்ட்மெண்ட் பக்கத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு வாட்ஸப் குரூப்ல போட்டு "யாருக்கு எவ்ளோன்னு பாத்துக்கோங்க" ன்னு சிரிக்கிற எமோஜி வேற. அஞ்சு நிமிஷத்துல டெலீட் பண்ணிட்டான், ஆனா 58 பேர் இருக்கிற குரூப். நான் என்ன ஆளுங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல, மறைக்கணும்னு இல்ல, சொல்ல வேண்டிய தேவை வரல. ரெண்டு வருஷமா என் டிபன் பாக்ஸ்ல கை வெச்சு சாப்பிட்ட பொண்ணு அன்னைக்கு மத்தியானம் பசிக்கலன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. நெஜமாவே பசிக்கலயோ என்னமோ. ஆனா அதுக்கு அடுத்த நாளும் பசிக்கல.

அதுக்கும் மேல ஒரு கால். ஒருத்தன் சுத்தமான தமிழ்ல, அப்பா பேரை சொல்லி, அக்கவுண்ட் நம்பர் இதுதானேன்னு முழுசா படிச்சு காட்டி, ரெண்டாவது தவணை நிக்குது, ஒரு ஓடிபி வரும் சொல்லும்மான்னான். நான் கட் பண்ணிட்டேன். ஆனா இதே லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க பேரும் இருக்கு, அதுங்க சொல்லிடும்.

இதை யார்கிட்ட போய் கேக்கறது? எச்ஓடி கிட்ட சொன்னா "நீ எதுக்கு அதெல்லாம் தேடுற" ன்னு தான் முதல்ல வரும். இன்டர்னல் மார்க் அவங்க கைல இருக்கு. பேர் தெரியாம மெயில் போட்டா வேலைக்கு ஆகுமா? சட்டம் ஏதாச்சும் இருக்கா? ப்ளீஸ் யாராச்சும் சொல்லுங்க அண்ணா அக்கா.

சும்மாவந்தவன்:

இந்த காலத்துல பிரைவசி எல்லாம் எங்க இருக்கு தங்கச்சி, சிம் வாங்கும்போதே எல்லாம் போயாச்சு. அரசாங்க பணம் வாங்கினா லிஸ்ட்ல பேரு வரத்தான் செய்யும். லிங்க் போடு பாப்போம் அப்படி என்ன தான் இருக்குன்னு.

டப்பாசிஸ்டம்:

மேல இருக்கிறவர் சொன்னதை கேட்டு லிங்க் கிங்க் எதுவும் இங்க போட்டுடாதமா. ஃபைல் பேரை சொன்னதே அதிகம், முடிஞ்சா எடிட் பண்ணிடு.

சும்மாவந்தவன் சார், சிம் கடைக்காரன் கிட்ட ஒரு ஜெராக்ஸ் இருக்கிறதும் உலகமே தேடி எடுக்கிற மாதிரி பந்தி போட்டு வெக்கிறதும் ஒண்ணா? வீட்டு சாவி பக்கத்து வீட்டு ஆயா கிட்ட இருக்குன்னு கதவை தெறந்து போட்டுட்டு ஊருக்கு போவீங்களா.

சரி இப்ப வேலைக்கு வருவோம். காலேஜ் எடுக்குதோ இல்லயோ, இன்னைக்கு ராத்திரியே நீ பண்ண வேண்டியது. அந்த பிடிஎஃப்பை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோ, பிரவுசர்ல மேல முகவரி தெரியுற மாதிரி தேதி நேரத்தோட ஸ்க்ரீன்ஷாட் எடு, நாளைக்கு தூக்கிட்டு "அப்படி ஒரு ஃபைலே இல்லயே" ன்னா காட்ட வேணும். யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாத, ஆதாரம்னு சொல்லி நாமளே பரப்பிடுவோம். வெறும் அக்கவுண்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் வெச்சு காசு எடுக்க முடியாது, போட தான் முடியும், அதனால பயந்து அக்கவுண்ட்டை குளோஸ் பண்ணி ஸ்காலர்ஷிப்பை கெடுத்துக்காத. ஆபத்து என்னன்னா அந்த நம்பரை சொல்லும்போது எதிர்ல இருக்கிறவங்க நம்பிடுவாங்க, உனக்கு வந்த கால் அதே தான். அந்த நம்பரை சஞ்சார் சாத்தி போர்ட்டல்ல சக்ஷுன்னு ஒண்ணு இருக்கு அதுல ரிப்போர்ட் பண்ணு. லிஸ்ட்ல இருக்கிற யாராவது ஓடிபி சொல்லி காசு போயிருந்தா உடனே 1930க்கு போன் பண்ண சொல்லு, லேட் ஆக ஆக காசு கை மாறி போயிட்டே இருக்கும்.

ஆதார் நம்பரும் அதுல இருக்கா? நீ சொன்ன காலம்ல இல்ல, ஒரு தடவை சரியா பாரு. இருந்தா ஆதார் ஆப்ல போய் பயோமெட்ரிக் லாக் போட்டுடு, ரேகை வெச்சு பணம் எடுக்கிற வழி அடைஞ்சிடும். இனிமே யார் ஆதார் ஜெராக்ஸ் கேட்டாலும் முதல்ல மாஸ்க்டு ஆதார் குடுத்து பாரு, கடைசி 4 நம்பர் மட்டும் தெரியும், ஆதார் குடுக்கிற யுஐடிஏஐ சைட்லயே டவுன்லோட் ஆகும்.

ஃபைல்மேடம்:

நான் வேற ஊர்ல ஒரு காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொஃபசர், எட்டு வருஷமா ஐக்யூஏசி, அதாவது காலேஜோட தரத்தை பாத்துக்கிற குழு, அந்த வேலையும் என் தலைல தான். இந்த ஃபைல் எப்படி வெளிய வந்துச்சுன்னு எனக்கு பாக்காமயே தெரியும் மா, ஏன்னா இதே வேலையை நானும் பண்ணவ தான்.

நாக், அதாவது காலேஜுக்கு கிரேடு போடுற அமைப்பு, வர்றப்ப நம்பர் போட்ட ஒவ்வொரு மெட்ரிக்குக்கும் (அளவுகோலுக்கும்) ப்ரூஃப் கேப்பாங்க. 5.1.1 ஸ்காலர்ஷிப் வாங்கினவங்க, 2.1.2 ரிசர்வேஷன்ல சேந்தவங்க, 5.2.1 பிளேஸ்மெண்ட், அந்த பிளேஸ்மெண்ட் டெம்ப்ளேட்லயே பையன் பேரு, கான்டாக்ட், எந்த கம்பெனி, எவ்ளோ சம்பளம்னு காலம் போட்டிருக்கும். இந்த ப்ரூஃபை எல்லாம் காலேஜ் சைட்ல ஏத்தி லிங்க்கா குடுக்கிறது பழக்கம். அப்புறம் டிவிவி ன்னு ஒண்ணு, குடுத்த கணக்கை சரிபாக்குறவங்க, அவங்க கேள்வி அனுப்புனாங்கன்னா பதிலுக்கு நாள் எண்ணி தான் டைம். ராத்திரி 11 மணிக்கு பிரின்சிபால் ரூம்ல லைட் எரியும், ஆஃபீஸ் சூப்பரிண்டெண்ட் கிட்ட இருக்கிற ஸ்காலர்ஷிப் எக்ஸெல்ல வாங்கி, அப்படியே பிடிஎஃப் அடிச்சு, சைட் பாத்துக்கிற தம்பிக்கு வாட்ஸப்ல அனுப்பி, அவன் ஏத்தி லிங்க் அனுப்புவான், அதை ஒட்டிட்டு அடுத்த மெட்ரிக்குக்கு போவோம். அந்த எக்ஸெல் எதுக்கு தயாரானது? பணம் போடுறதுக்கு. அதுல அக்கவுண்ட் நம்பர் இருக்கத்தான் செய்யும். நாம காட்ட வேண்டியது இத்தனை பேர் வாங்கினாங்கன்னு மட்டும். ஆனா அந்த நேரத்துல காலம் டெலீட் பண்ணணும்னு யாருக்கும் தோணாது, தோணுனா கூட "முழுசா இருந்தா தான் நம்புவாங்க, மார்க்கை கட் பண்ணிட்டா?" ன்னு ஒரு பயம். கிரேடு வந்துச்சுன்னா கேக் வெட்டுவோம், ஃபைல் பாட்டுக்கு அங்கயே கெடக்கும். அஞ்சு வருஷம் வேலிடிட்டி முடிஞ்சாலும் கெடக்கும்.

அதனால ஹேக்கர் அது இதுன்னு போலீஸ் ஸ்டைல்ல போகாத. எச்ஓடி கிட்ட போகவே போகாத, அவங்களுக்கும் இந்த ஃபைலுக்கும் சம்மந்தமே இருக்காது, கேள்வி மட்டும் உன் மேல திரும்பும். நேரா பிரின்சிபால் பேருக்கு மெயில், ஐக்யூஏசி கோஆர்டினேட்டருக்கு காப்பி. பேர் போட்டே அனுப்பு, ஆனா தனியா அனுப்பாத, லிஸ்ட்ல இருக்கிறவங்கள்ல அஞ்சாறு பேர் சேந்து அனுப்புங்க, ஒரு ஆள் மேல கோவம் விழாது. மொட்டை மெயில் ஸ்பேம்ல போயிடும். வார்த்தை இப்படி இருக்கட்டும்:

"எங்கள் கல்லூரி இணையதளத்தில் உள்ள இந்தக் கோப்பில் மாணவர்களின் வங்கிக் கணக்கு எண், சாதி, கைபேசி எண் ஆகியவை பொதுவில் தெரிகின்றன. இதை வைத்து மோசடி அழைப்புகள் வரத் தொடங்கியுள்ளன. கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் முன் கோப்பை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அந்த கெட்ட பெயர் வரி முக்கியம். உரிமைன்னு சொன்னா கமிட்டி போடுவாங்க, கெட்ட பேருன்னு சொன்னா அன்னைக்கே எடுப்பாங்க. 25 வருஷமா பாக்குறேன்.

டிபன் பாக்ஸ் விஷயத்தை படிச்சிட்டு கொஞ்ச நேரம் என்னால எதுவும் டைப் பண்ண முடியல மா.

கோர்ட்டுவாசல்:

ஜூனியர் அட்வகேட். மேடம் சொன்ன ரூட்டு தான் சரி, அது நடக்கலன்னா தான் சட்டம், இருந்தாலும் கைல என்ன இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

பிரைவசி அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட்ல 9 ஜட்ஜ் சேந்து சொல்லிட்டாங்க, அது எய்டட் காலேஜுக்கு தெரியாதுன்னு சொல்ல முடியாது. அடுத்து டிஜிட்டல் பர்சனல் டேட்டா சட்டம், 2023ல பாஸ் ஆச்சு, விதிகள் 2025 நவம்பர்ல தான் வந்துச்சு, அதுலயும் முக்கியமான கடமைங்க எல்லாம் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே வாக்குல தான் அமலுக்கு வருது. அது வந்தப்புறம் உன் டேட்டாவை அழிக்க சொல்லி கேக்குற உரிமை, குறை சொல்ல ஒரு ஆள், அவரும் கேக்கலன்னா டேட்டா பாதுகாப்பு போர்டு, பாதுகாப்பு சரியா இல்லன்னா 250 கோடி வரைக்கும் அபராதம்னு எல்லாம் இருக்கு. 250 கோடின்னு கேட்டதும் நம்ம கரெஸ்பாண்டெண்டுகளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், ஆனா இன்னைக்கு தேதிக்கு அதை காட்டி மிரட்டாதீங்க, அவங்க வக்கீல் சிரிப்பாரு. இன்னொண்ணு, அந்த சட்டத்துல 18 வயசு முடியாதவங்க குழந்தை, பெத்தவங்க சம்மதம் வேணும். ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது பாதி பசங்களுக்கு 17 தான். எந்த காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்லயும் இதை யாரும் யோசிச்ச மாதிரி தெரியல.

இப்ப உடனே பிடிக்கிற மாதிரி இருக்கிறது ரெண்டு. ஆதார் நம்பர் அந்த லிஸ்ட்ல இருந்தா ஆதார் சட்டம் 29(4), பொதுவுல போடவே கூடாது, பேச்சே கெடயாது. டிகிரி சர்டிபிகேட்லயே முழு ஆதார் நம்பர் அச்சடிக்காதீங்கன்னு யூஜிசி 2023 செப்டம்பர்ல எல்லா யுனிவர்சிட்டிக்கும் லெட்டர் போட்டுச்சு. ரெண்டாவது சாதி. மாணவரோட சாதியை கிளாஸ்ல வாயால சொல்றதோ வேற விதமா அறிவிக்கிறதோ பாகுபாடுன்னு யூஜிசியோட 2012 சமத்துவ விதிமுறையே சொல்லுது. உட்பிரிவு வரைக்கும் போட்டு இன்டர்நெட்ல தொங்க விட்டா அது "வேற விதமா" இல்லாம வேற என்ன.

டேட்டாவை சரியா காப்பாத்தலன்னா நஷ்டஈடுன்னு ஐடி ஆக்ட் 43ஏவை யாராவது சொல்வாங்க, 2011 விதிகள்ல பேங்க் விவரம் சென்சிடிவ் டேட்டா தான், ஆனா அது பாடி கார்ப்பரேட்டுக்கு, அதாவது கம்பெனி மாதிரி அமைப்புகளுக்குன்னு எழுதினது, காலேஜ் அதுல வருமான்னே ரெண்டு வாய்தா ஓடும். அதை நம்பி நிக்காதீங்க.

ஸ்க்ரீன்ஷாட் போட்ட பையனை பத்தி என் கருத்து, அது தனி. அவனுக்கு ஃபைலை தட்டுல வெச்சு குடுத்தது ஆஃபீஸ், ஆனா எமோஜி அவனோடது.

கடைசிபெஞ்ச்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரம் கழிச்சு வர்றேன், அப்டேட் இருக்கு, கொஞ்சம் பெருசு.

ஆறு பேர் சேந்து மெயில் போட்டோம். ஆதார் அதுல இல்ல, நல்லவேளை. மறுநாளே ஆஃபீஸ்ல கூப்பிட்டாங்க. சூப்பரிண்டெண்ட் சார் முதல்ல "இது ஆர்டிஐ படி போட்டே ஆகணும், பயனாளிகள் விவரம் வெளிப்படையா இருக்கணும்னு 4வது செக்ஷன்ல இருக்கு" ன்னாரு. எனக்கு பதில் தெரியல, நின்னேன். பிரின்சிபால் மேடம் தான் "சரி சரி எடுத்துடுங்க" ன்னு சொன்னாங்க.

சாயந்தரம் பாத்தா மெனுல அந்த லிங்க் இல்ல. சந்தோஷமா வீட்டுக்கு வந்து கூகுள்ல மறுபடி தேடுனா அதே ஃபைல் அப்படியே தெறக்குது. மெனுல இருந்து தான் எடுத்திருக்காங்க, ஃபைல் அங்கயே இருக்கு. மறுபடி போய் சொன்னோம். ரெண்டு நாள் கழிச்சு புது ஃபைல் வந்துச்சு, அக்கவுண்ட் நம்பர், போன் நம்பர், கம்யூனிட்டி மூணு காலம் மேலயும் கருப்பு பட்டை. அடடா பரவால்லயேன்னு பாத்துட்டே இருக்கேன், போன்ல தெரியாம விரல் அழுத்தி புடிச்சிட்டேன், அந்த கருப்பு பட்டை மேல செலக்ட் ஆகுது. காப்பி பண்ணி நோட்ஸ்ல பேஸ்ட் பண்ணா என் அக்கவுண்ட் நம்பர் 15 இலக்கமும் வருது. எனக்கு சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு.

மூணாவது தடவை போறதுக்கு எனக்கே ஒரு மாதிரி இருக்கு. "இந்த பொண்ணுக்கு வேற வேலை இல்லயா" ன்னு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

டப்பாசிஸ்டம்:

கருப்பு பட்டை கதை எல்லா ஆஃபீஸ்லயும் நடக்கிறது தான், பெரிய பெரிய இடத்துலயே நடந்திருக்கு. எழுத்து மேல ஒரு துணி போத்தி விட்டிருக்காங்க, அடியில எழுத்து உசுரோட இருக்கு. எக்ஸெல்ல காலத்தை ஹைட் பண்றதும் அதே கதை தான், ரைட் கிளிக் பண்ணி அன்ஹைட் குடுத்தா எழுந்து வந்து உக்காந்துக்கும். எக்ஸெல்ல அந்த காலத்தையே டெலீட் பண்ணிட்டு அப்புறம் பிடிஎஃப் எடுக்க சொல்லு. ஒரிஜினல் எக்ஸெல் இல்லன்னா கருப்பு பட்டையோட பிரிண்ட் எடுத்து அந்த பேப்பரை ஸ்கேன் பண்ண சொல்லு, அழகா இருக்காது, ஆனா அடியில ஒண்ணும் இருக்காது.

மூணாவது தடவை போறப்ப வாயால சொல்லாத, உன் போன்ல அந்த சைட் பாத்துக்கிற தம்பி முன்னாடியே அழுத்தி காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணி காட்டு. பத்து செகண்ட் வேலை. சூப்பரிண்டெண்ட் நம்பர் ஏதாச்சும் ஃபைல்ல இருந்தா அதை காப்பி பண்ணு, இன்னும் சீக்கிரம் புரியும்.

ஃபைல் போனப்புறமும் கூகுள்ல தேடுனா அந்த ரெண்டு வரி கொஞ்ச நாள் தெரியும். அதுக்கு கூகுள்லயே பழைய ரிசல்ட்டை புதுப்பிக்க சொல்லி கேக்குற பக்கம் இருக்கு, பழைய முகவரியை அதுல போடணும். காலேஜ் எடுக்கவே மாட்டேன்னு அடம் புடிச்சா தனியா ஒரு ஃபார்ம் இருக்கு, பேங்க் அக்கவுண்ட் நம்பர் தெரியுதுன்னு காரணம் சொன்னா பரிசீலிப்பாங்க, ஆனா அது தேடல்ல இருந்து தான் போகும், காலேஜ் சைட்ல இருந்து போகாது.

கோர்ட்டுவாசல்:

சூப்பரிண்டெண்ட் சார் பாதி சரி. ஆர்டிஐ 4(1)(பி)ல மானியத் திட்டங்கள், தொகை, பயனாளிகள் விவரம்னு ஒரு பிரிவு இருக்கறது உண்மை. ஆனா பயனாளி யாருன்னு தெரியணும்கிறதுக்கு அவர் பேங்க் அக்கவுண்ட் நம்பர் எதுக்கு? ரேஷன் கடைல யார் யாருக்கு அரிசி போகுதுன்னு போர்டு வெக்கலாம், அவங்க வீட்டு அண்டாவை தெறந்து காட்டணும்னு இல்ல. எந்த ஸ்கீம், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு தொகை, வேணும்னா ரிஜிஸ்டர் நம்பர், அவ்ளோ போதும். இதை அப்படியே சார் கிட்ட சொல்லுங்க, அண்டாவை விட்டுட்டு.

சும்மாவந்தவன்:

லிங்க் கேட்டதுக்கு சாரி. ராத்திரி என் தங்கச்சி பேரை போட்டு தேடி பாத்தேன். அவ பிளேஸ்மெண்ட் ஆஃபர் லெட்டர் ஸ்கேன் வந்துச்சு, வீட்டு அட்ரஸ், சம்பளம், கையெழுத்தோட. 2022ல ஏத்துனது. அவளுக்கு இப்ப வரைக்கும் தெரியாது. யாருக்கு மெயில் போடணும், பழைய ஸ்டூடன்ட்னாலும் பிரின்சிபாலுக்கு தானா?

ஃபைல்மேடம்:

ஆமாப்பா, பிரின்சிபாலுக்கும் ஐக்யூஏசிக்கும். தங்கச்சி பேர்ல இருந்து போகட்டும், நீ அனுப்பாத.

கடைசிபெஞ்ச்காரி, மூணாவது தடவை போ மா. பாக்குறவங்க பாக்கட்டும்.

உன் அப்டேட் படிச்சிட்டு எங்க காலேஜ் சைட்ல போய் 5.1.1 ன்னு தேடினேன். 2019ல நான் ஏத்துன ஃபைல். 212 பேர். கீழ "வெரிஃபைடு" ன்னு என் கையெழுத்து. நாலஞ்சு பொண்ணுங்க முகம் கூட ஞாபகம் வந்துச்சு. சைட் தம்பிக்கு இப்ப தான் போன் பண்ணேன், எடுக்கல, காலைல அவன் ரூம் தெறக்குறப்ப நான் வாசல்ல நிப்பேன்.

கடைசிபெஞ்ச்காரி:

மேடம், அந்த தம்பி எடுத்தப்புறம் பழைய லிங்க்கை வெச்சு ஒரு தடவை தெறந்து பாத்துடுங்க. மெனுல மட்டும் எடுத்திருப்பாரு.